கணையத்துக்கு யார் ஆர்டர் போடுறது? செக்ரட்டின், சிசிகே, வேகஸ் நரம்பு பத்தி ஒரு விளக்கம்

எடை குறைக்குற ஊசிகள் 2025ல இந்திய மார்க்கெட்டுக்கு வந்ததுல இருந்து கணையம் நியூஸ்ல அடிக்கடி அடிபடுது. ஊசி போட்டா கணைய அழற்சி வரும்னு ஒரு பக்கம் பயமுறுத்துறாங்க, ரத்தத்துல லைபேஸ்ங்கிற கணைய என்சைம் கொஞ்சம் ஏறுனா ஒண்ணும் இல்லன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. அது போக கணைய அழற்சின்னு அட்மிட் ஆனவங்களுக்கு ஏன் சாப்பாட்டை நிறுத்துறாங்க, என்சைம் மாத்திரையை ஏன் சாப்பாட்டோட சேர்த்தே போடச் சொல்றாங்க, ஸ்கேன் எடுக்குறப்ப எதுக்கு ஒரு ஹார்மோன் ஊசின்னு ஆளாளுக்கு ஒரு குழப்பம். தனித்தனிக் கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் எல்லாத்துக்கும் அடியில இருக்குறது ஒண்ணுதான்: கணையம் தானா முடிவெடுத்துப் பெருசா எதையும் சுரக்குறது இல்ல, வெளிய இருந்து வர்ற சிக்னலுக்குத்தான் சுரக்குது, அந்த சிக்னல்ல பெரும்பங்கு பக்கத்துல இருக்குற சிறுகுடல்ல இருந்து கிளம்புது. அதனால கணையத்தைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல குடலைத்தான் பார்க்கணும்.

கணையம்னா இன்சுலின் மட்டும் இல்ல

கணையம்னு சொன்னதும் எல்லாருக்கும் சர்க்கரை வியாதிதான் ஞாபகம் வரும். ஆனா இன்சுலின் சுரக்குற லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மொத்தக் கணையத்துல ஒண்ணு ரெண்டு சதவீதம்தான், மீதி கிட்டத்தட்ட முழுசும் ஜீரண நீர் தயாரிக்கத்தான் இருக்கு. சுமார் 100 கிராம் எடை இருக்குற உறுப்பு, ஒரு நாளைக்கு 1 லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் நீர் சுரந்து சிறுகுடலோட முதல் பகுதியான டியோடினத்துக்குள்ள விடுது. அந்த நீர்ல ரெண்டு சரக்கு இருக்கு, ரெண்டையும் தயாரிக்குறது வேற வேற செல்கள்:

1. அசினார் செல்கள். இவங்க வேலை என்சைம், அதாவது சாப்பாட்டை உடைக்குற புரதம். மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோடிரிப்சின் வகையறா. இதெல்லாம் முன்கூட்டியே தயாராகி செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பைகள்ல ஸ்டாக் இருக்கும், சிக்னல் வந்ததும் பை உடைஞ்சு வெளிய கொட்டும்.

2. குழாய் செல்கள். இவங்க வேலை தண்ணியும் பைகார்பனேட்டும். வேகமா சுரக்குறப்ப கணைய நீர்ல பைகார்பனேட் அளவு ரத்தத்துல இருக்குறதை விட அஞ்சு மடங்கு கிட்ட ஏறிடும், இரைப்பையில இருந்து வர்ற ஆசிட்டைச் சமன்படுத்த அவ்வளவு வேணும்.

இந்த ரெண்டும் வேற வேற சிக்னல்ல ஓடுதுங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி நிறைய இடத்துல இது வேணும்.

இன்னொரு முக்கியமான விஷயம், புரதத்தை உடைக்குற என்சைம்களைக் கணையம் தூங்குற நிலையிலதான் அனுப்புது. டிரிப்சின் கிளம்புறப்ப டிரிப்சினோஜனாத்தான் இருக்கும், டியோடினத்துச் சுவர்ல இருக்குற என்டரோகைனேஸ்ங்கிற இன்னொரு என்சைம் தொட்டதுக்கு அப்புறம்தான் முழிக்கும், அது முழிச்சதும் தூங்குற மத்த என்சைம்களையும் எழுப்பிவிடும். வீட்டுக்குள்ளயே முழிச்சுக்கிட்டா? கணையம் தன்னைத்தானே ஜீரணம் பண்ண ஆரம்பிச்சிடும், கணைய அழற்சி, அக்யூட் பேன்க்ரியாடைட்டிஸ்னு டாக்டர் சொல்றது அதைத்தான். சுரப்பு கட்டுப்பாட்டுல இருக்கணும்ங்கிறது ஏன் இவ்வளவு முக்கியம்னு இப்பப் புரியும்.

மூணு சொல் தெரிஞ்சா போதும்

1. ஹார்மோன்: ஒரு இடத்துல சுரந்து ரத்தத்துல கலந்து இன்னொரு இடத்துல வேலை செய்யுற ரசாயனம். போய்ச் சேர கொஞ்ச நேரம் ஆகும், ஆனா கொஞ்ச நேரம் தங்கும்.

2. நியூரோடிரான்ஸ்மிட்டர்: நரம்பு முனையில சொட்டு விடுற மாதிரி வெளிய வந்து பக்கத்து செல்லைத் தொடுற ரசாயனம். உடனே வேலை செய்யும், உடனே அழிக்கப்படும். இங்க ஹீரோ அசிடைல்கோலின்.

3. ரிசெப்டார்: செல் மேல இருக்குற புரதம், குறிப்பிட்ட ரசாயனம் வந்து ஒட்டுனா மட்டும் உள்ள தகவல் சொல்லும். ரிசெப்டார் இல்லாத செல் பக்கத்துல எவ்வளவு ஹார்மோன் ஓடுனாலும் அது கண்டுக்காது.

1902ல லண்டன்ல ஒரு நாய்

இந்தத் துறையோட வரலாறே ஒரு சண்டைதான். ரஷ்யாவுல பாவ்லோவ், ஆமா அந்த மணி அடிச்சா எச்சில் ஊறுற நாய்க்காரர்தான், உண்மையில அவருக்கு 1904ல நோபல் கிடைச்சது ஜீரணச் சுரப்பு ஆராய்ச்சிக்காக. மூளைத்தண்டுல இருந்து வயித்து உறுப்புகளுக்குப் போற வேகஸ் நரம்பைத் தூண்டுனா கணையம் சுரக்குதுன்னு நிரூபிச்சவர், அதனால கணையத்தை முழுக்க முழுக்க நரம்புதான் ஆளுதுன்னு அவரோட ஆராய்ச்சிக் குழு உறுதியா நம்புச்சு. பிரான்ஸ்ல வெர்தைமர், லெபாஜ்னு ரெண்டு பேர், குடலுக்குள்ள ஆசிட் ஊத்துனா நரம்பை வெட்டுனாலும் கணையம் சுரக்குதுன்னு பார்த்தாங்க, பார்த்தும் இது ஏதோ உள்ளூர் நரம்பு ரிஃப்ளெக்ஸா இருக்கும்னு விட்டுட்டாங்க. கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டாம போச்சு.

1902 ஜனவரி 16, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பேலிஸ், ஸ்டார்லிங் ரெண்டு பேரும் அதே சோதனையை ஒரு படி தாண்டிச் செஞ்சாங்க. மயக்க மருந்து குடுத்த நாயோட சிறுகுடல்ல ஒரு துண்டுக்குப் போற நரம்பை எல்லாம் வெட்டிட்டு அதுக்குள்ள ஆசிட் விட்டாங்க, கணையம் சுரந்துச்சு. நரம்பே இல்ல, அப்ப ரத்தம் வழியாத்தான் எதுவோ போயிருக்கணும்னு ஸ்டார்லிங் யோசிச்சு குடலோட உள்சவ்வைச் சுரண்டி ஆசிட் சேர்த்து அரைச்சு வடிகட்டி அந்தச் சாறை நாயோட ரத்தக்குழாய்க்குள்ள ஏத்துனாரு, கொஞ்ச நேரத்துலயே கணைய நீர் சொட்ட ஆரம்பிச்சுது. அந்தச் சாறுல இருந்த பொருளுக்குத்தான் செக்ரட்டின்னு பேர் வெச்சாங்க. ஹார்மோன்ங்கிற கருத்தே இந்தச் சோதனையில இருந்து வளர்ந்ததுதான். பாவ்லோவோட லேப்ல திரும்பச் செஞ்சு பார்த்தப்ப அதே முடிவுதான் வந்துச்சு, அவரும் ஒத்துக்கிட்டாரு.

அப்ப பாவ்லோவ் தோத்துட்டாரான்னா, இல்ல. நரம்பும் உண்டு ஹார்மோனும் உண்டு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் வேலை செய்யுது. பாடப்புத்தகங்கள் இதை ரெண்டு தனிப் பட்டியலாப் போட்டு மனப்பாடம் பண்ண வெச்சிடுது, அதுலதான் பசங்க குழம்புறாங்க.

சாப்பாட்டுல இருந்து கணையம் வரைக்கும்: மூணு கட்டம்

1. தலைக் கட்டம். சாப்பாட்டைப் பார்த்ததும், வாசனை வந்ததும், வாயில வெச்சு மென்னதும் மூளைத்தண்டுல இருந்து வேகஸ் நரம்பு வழியா சிக்னல் கிளம்பிடும். நரம்பு முனையில அசிடைல்கோலின் வெளிய வந்து அசினார் செல்லோட எம்3 ரிசெப்டார்ல ஒட்டும். மென்னு துப்புங்க, முழுங்காதீங்கன்னு ஆட்களை வெச்சுப் பண்ணுன சோதனையிலயே கணையம் சுரக்குறது தெரிஞ்சிருக்கு. மொத்தச் சுரப்புல சுமார் 20 முதல் 25 சதவீதம் இந்தக் கட்டத்துக்குன்னு பொதுவாச் சொல்றாங்க. இதுல என்சைம் ஜாஸ்தி, தண்ணி கம்மி.

2. இரைப்பைக் கட்டம். சாப்பாடு விழுந்து இரைப்பை விரியுது, அந்த விரிவு திரும்பவும் வேகஸ் வழியா ஒரு ரிஃப்ளெக்ஸைக் கிளப்பும். பங்கு சுமார் 10 சதவீதம், இதுல பெருசா பேச ஒண்ணும் இல்ல.

3. குடல் கட்டம். மீதி எல்லாம் இங்கதான். பந்தியில எத்தனை இலை விழுந்திருக்குன்னு எட்டிப் பார்த்து சமையக்கட்டுக்குக் குரல் குடுக்குற ஆள் மாதிரி டியோடினம் உள்ள வர்ற கூழைச் சோதிச்சு என்ன வேணும், எவ்வளவு வேணும்னு சொல்லும். ஆசிட் வந்தா ஒரு சிக்னல், கொழுப்பும் புரதமும் வந்தா வேற சிக்னல்.

ஆசிட் வந்தா செக்ரட்டின்

டியோடினத்துச் சவ்வுல எஸ் செல்னு ஒரு வகை இருக்கு. உள்ள வர்ற கூழோட பிஎச் சுமார் 4.5க்குக் கீழ போனா இந்த செல்கள் செக்ரட்டினை ரத்தத்துல விடும். 27 அமினோ ஆசிட் கொண்ட சின்ன சங்கிலி அது. போய்ச் சேர்ற முக்கியமான இடம் கணையத்துக் குழாய் செல். அங்க செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கிற தகவல் மூலக்கூறு ஏறும், அது சிஎஃப்டிஆர்ங்கிற குளோரைடு வாசலைத் திறக்கும், அதை ஒட்டி பைகார்பனேட்டும் பின்னாடியே தண்ணியும் குழாய்க்குள்ள வரும். ஆசிட் சமன் ஆகி பிஎச் ஏறுனதும் எஸ் செல்லுக்குத் தூண்டல் போயிடும், செக்ரட்டின் குறையும், குழாயும் அடங்கும். தன்னைத்தானே நிறுத்திக்குற அழகான சுற்று.

பைகார்பனேட் வரலைன்னா என்ன ஆகும்? ஆசிட்ல லைபேஸ் செத்துடும். என்சைம் எவ்வளவு வந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனால செக்ரட்டினை வெறும் தண்ணி விடுற ஹார்மோன்னு லேசா நினைக்கக் கூடாது.

கொழுப்பும் புரதமும் வந்தா சிசிகே

கோலிசிஸ்டோகைனின், சுருக்கமா சிசிகே. இதோட வரலாறும் சுவாரசியம். 1928ல அமெரிக்காவுல ஐவி, ஓல்ட்பெர்க் ரெண்டு பேரும் பித்தப்பையைச் சுருக்குற ஒரு குடல் ஹார்மோனைக் கண்டுபிடிச்சாங்க. 1943ல ஹார்ப்பர், ரேப்பர் கணையத்துல இருந்து என்சைமைக் கொட்ட வைக்குற ஒரு குடல் ஹார்மோன்னு பேன்க்ரியோசைமின்னு ஒண்ணைச் சொன்னாங்க. 1960கள்ல ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா இன்ஸ்டிடியூட்ல யோர்ப்பஸ், முட் ரெண்டு பேரும் பன்றிக் குடல்ல இருந்து சுத்தப்படுத்திப் பார்த்தா ரெண்டும் ஒரே ஆள்! பித்தமும் என்சைமும் ஒரே நேரத்துல குடலுக்கு வந்தாத்தான் கொழுப்பு கரையும், அதனால ஒரே ஹார்மோன் ரெண்டு வேலையையும் பார்க்குறது நியாயம்தான்.

சிசிகே சுரக்குறது ஐ செல்கள். நீளமான கொழுப்பு அமிலங்களும், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபேன் மாதிரி அமினோ ஆசிட்களும்தான் வலுவான தூண்டல், வெறும் மாவுச்சத்து பலவீனம். கவனிங்க, முழுக் கொழுப்பா வந்தா வேலைக்கு ஆகாது, உடைஞ்சு கொழுப்பு அமிலமா வரணும். ஆர்லிஸ்டாட்னு லைபேஸைத் தடுக்குற எடை குறைப்பு மாத்திரை குடுத்தா சிசிகே வெளியாகுறது குறையுது. இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தா, கணையம் கெட்டு லைபேஸ் கம்மியானவங்களுக்குக் கொழுப்பு உடையாம சிசிகே சிக்னலும் பலவீனமாகலாம், பட்ட காலிலே படும்.

இப்ப ஒரு திருப்பம். எலியில சிசிகே நேரா அசினார் செல்லோட ரிசெப்டார்ல ஒட்டி என்சைமைக் கொட்ட வைக்கும், பழைய புத்தகம் எல்லாம் இதைத்தான் மனுஷனுக்கும் எழுதி வெச்சிருக்கு. ஆனா மனுஷனுக்கு அட்ரோபின் குடுத்து அசிடைல்கோலினைத் தடுத்துட்டா, சாப்பாட்டு அளவுக்கு சிசிகே குடுத்தாலும் என்சைம் சுரப்பு பெருமளவு விழுந்துடுது. ஹார்மோன் நேரா செல்லைத் தொடுதுன்னா நரம்பைத் தடுத்தா எதுக்கு விழணும்? அதனால இப்ப பெரும்பாலானவங்க ஏத்துக்குற விளக்கம் இது:

1. ஐ செல் சிசிகேவை விடுது.
2. அது பக்கத்துலயே இருக்குற, மூளைக்குத் தகவல் கொண்டு போற வேகஸ் இழையைத் தொடுது.
3. மூளைத்தண்டு அதே வேகஸோட இன்னொரு இழை வழியா பதில் அனுப்புது.
4. கணையத்துல அசிடைல்கோலின் வெளிய வந்து அசினார் செல்லைத் தூண்டுது.

அதாவது ஹார்மோன் நரம்பு வழியாத்தான் பேசுது. மனுஷ அசினார் செல்லைத் தனியா எடுத்து சிசிகே ஊத்தி சில லேப்ல ஒண்ணும் நடக்கல, வேற சில லேப்ல நடந்துச்சு, அதனால நேரடி வழி கொஞ்சமாவது இருக்கான்னு விவாதம் இன்னும் ஓடுது. எப்படியோ, பாவ்லோவும் ஸ்டார்லிங்கும் ஒரே கம்பியோட ரெண்டு முனையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

செல்லுக்குள்ள என்ன நடக்குது, ஏன் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல

அசிடைல்கோலினும் சிசிகேவும் ஒட்டுனா செல்லுக்குள்ள ஐபி3ங்கிற மூலக்கூறு உருவாகி உள்ள பூட்டி வெச்ச கால்சியத்தைத் திறந்துவிடும், கால்சியம் ஏறுனா என்சைம் பைகள் போய்ச் சுவர்ல ஒட்டி வெளிய கொட்டும். ஐபி3 கால்சியத்தைத் திறக்குதுன்னு 1983ல முதல்ல நிரூபிச்சதே எலியோட கணைய அசினார் செல்லை வெச்சுத்தான். செக்ரட்டினும், நரம்புல இருந்து வர்ற விஐபிங்கிற பெப்டைடும் போறது சைக்ளிக் ஏஎம்பி பாதை.

ரெண்டு பாதையும் ஒரே நேரத்துல தூண்டப்பட்டா விளைவு கூட்டல் கணக்கா வராது, அதுக்கும் மேல போகும். சாதாரணமா ஒரு சாப்பாட்டுக்கு ரத்தத்துல ஏறுற செக்ரட்டின் ரொம்பக் குறைவு, அந்த அளவைத் தனியா ஊசியில ஏத்துனா பைகார்பனேட் கொஞ்சம்தான் வரும், ஆனா கூடவே சிசிகேவும் அசிடைல்கோலினும் இருந்தா நல்லா வரும். சாப்பாட்டுல ஆசிட், கொழுப்பு, புரதம் எல்லாம் கலந்துதான வருது, அதனால நிஜ வாழ்க்கையில தனி ஆளா எந்த ஹார்மோனும் வேலை செய்யுறது இல்ல.

நிறுத்துறது யாரு

தூண்டுறதைப் பத்தியே எல்லாரும் பேசுவாங்க, ஆனா நிறுத்தத் தெரியாத சுரப்பி ஆபத்து.

1. சொமட்டோஸ்டாட்டின்: கணையத்துலயும் குடல்லயும் டி செல்கள் சுரக்குது. கிட்டத்தட்ட எல்லாத்தையும் அடக்கும். இதோட மருந்து வடிவம்தான் ஆக்ட்ரியோடைடு.

2. பெப்டைடு ஒய்ஒய்: ஜீரணமாகாத கொழுப்பு சிறுகுடலோட கடைசி வரைக்கும் வந்துட்டா அங்க இருக்குற எல் செல்கள் இதை விடும், இரைப்பை காலியாகுறதும் கணையச் சுரப்பும் சேர்ந்து குறையும். இலியல் பிரேக்னு சொல்வாங்க. எடை குறைக்குற ஊசிகள் காப்பி அடிக்குற ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோனைச் சுரக்குறதும் இதே எல் செல்கள்தான், ஞாபகம் வெச்சுக்கோங்க.

3. பேன்க்ரியாடிக் பாலிபெப்டைடு: கணையமே சுரந்து வேகஸ் பாதையைக் குறைக்குற ஒண்ணு.

4. சிம்பதடிக் நரம்பு, அதாவது பதட்டம் வந்தா வேலை செய்யுற நரம்பு: நார்அட்ரினலின் மூலமா ரத்த ஓட்டத்தைக் குறைச்சு சுரப்பையும் குறைக்கும்.

5. டிரிப்சின் திரும்பச் சொல்றது: எலியில இது தெளிவா நிரூபணம் ஆனது. சிசிகேவைத் தூண்டுற பெப்டைடு ஒண்ணு குடலுக்குள்ள இருக்கு, டிரிப்சின் சும்மா இருந்தா அதை உடைச்சுப் போடும், சிசிகே குறையும். சாப்பாட்டுப் புரதம் வந்தா டிரிப்சின் அதுல பிஸி ஆயிடும், அந்தப் பெப்டைடு தப்பிச்சுடும், சிசிகே ஏறும். பச்சை சோயா மாவுல டிரிப்சினைத் தடுக்குற பொருள் இருக்கு, அதை எலிக்குத் தொடர்ந்து குடுத்தா இந்தச் சுற்று நிக்காம ஓடி கணையமே வீங்கிப் பெருசாகுது.

இதெல்லாம் நோயாளிக்கு எங்க வந்து நிக்குது

1. பூச்சிமருந்து விஷம். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்புக்குள்ள போனா அசிடைல்கோலினை அழிக்குற என்சைம் வேலை செய்யாது. எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் கொட்டும், கணையமும் அதே லைன்லதான் இருக்கு, சிலருக்கு அமைலேஸ் ஏறும், கணைய அழற்சியே வரும். விவசாயப் பகுதி ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில இந்தக் கேஸ் புதுசு இல்ல. டிரினிடாட் தீவுல ஒரு வகைத் தேள் கொட்டுனா இதே மாதிரி கணைய அழற்சி வருது, அங்க தேள் விஷம் நரம்பு முனையில இருந்து அசிடைல்கோலினைக் கொட்ட வைக்குது.

2. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சிஎஃப்டிஆர் வாசல் பிறவியிலயே கெட்டிருக்கும். செக்ரட்டின் சரியா வரும், ஆனா தண்ணி வராது, என்சைம் கெட்டியாகிக் குழாயை அடைச்சு கணையம் அழிஞ்சுபோகும்.

3. சீலியாக் நோய். கணையம் நல்லாவே இருக்கும், ஆனா கோதுமைப் புரதத்தால டியோடினத்துச் சவ்வு தேய்ஞ்சதால செக்ரட்டினும் சிசிகேவும் சரியா வெளிய வராது. கணையத்துக்கு ஆர்டரே வரலைன்னா அது என்ன பண்ணும்? கோதுமையை நிறுத்தி சவ்வு தேறுனா பெரும்பாலும் சுரப்பும் தேறும். குடலைப் பார்க்காம கணையத்துக்கு மட்டும் டெஸ்ட் எடுக்குறது எவ்வளவு தப்பா முடியும்னு இதுல தெரியும்.

4. என்சைம் மாத்திரை. லைபேஸ் சுரப்பு வழக்கத்துல 10 சதவீதத்துக்குக் கீழ போனாத்தான் மலத்துல கொழுப்பு போக ஆரம்பிக்குதுன்னு மேயோ கிளினிக் குழு 1973ல காட்டுச்சு, அவ்வளவு உபரி வெச்சிருக்கு கணையம். அந்த எல்லை தாண்டுனவங்களுக்கு மாத்திரை வேணும். ஆனா மாத்திரைக்கு சிசிகே தெரியாது, சாப்பாடு வந்துச்சான்னு பார்த்துக் கிளம்பாது, அதனால நாமதான் முதல் வாயோடயும் சாப்பாட்டு நடுவுலயும் போட்டு அதைச் சேர்த்து அனுப்பணும். வெறும் வயித்துல போட்டா காசு தண்டம்.

5. ஸ்கேன்ல ஹார்மோன் ஊசி. பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் படம் பிடிக்குற எம்ஆர்சிபி ஸ்கேன் எடுக்குறப்ப செக்ரட்டின் போட்டா குழாய்ல தண்ணி நிரம்பி விரியும், அடைப்பு இருந்தா பளிச்சுன்னு தெரியும். 1902 சோதனையோட நேரடி வாரிசு.

6. அழற்சி வந்தா பட்டினி. சுரப்பைத் தூண்டக் கூடாது, கணையத்துக்கு ரெஸ்ட் குடுக்கணும்னுதான் பல வருஷமா வாய்வழி ஒண்ணும் குடுக்காம வெச்சாங்க. கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா சுரப்பை அடக்குற ஆக்ட்ரியோடைடு குடுத்துப் பார்த்த சோதனைகள்ல எதிர்பார்த்த பலன் வரல, மறுபக்கம் பட்டினி போட்டா குடல் சவ்வு பலவீனமாகுது. இப்ப அமெரிக்க கேஸ்ட்ரோ சங்கம் 2018ல சொன்ன வழிகாட்டுதல், தாங்க முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள வாய்வழி சாப்பாடு ஆரம்பிக்கலாம்னுதான். வாந்தியும் வலியும் தாங்கலைன்னா நிலைமை வேற, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அந்த ஊசி விஷயம்

செமாக்ளூடைடு, டிர்செபடைடு ரெண்டும் ஜிஎல்பி-1 ரிசெப்டாரைத் தூண்டுற மருந்து, டிர்செபடைடு கூடவே ஜிஐபிங்கிற இன்னொரு குடல் ஹார்மோனோட ரிசெப்டாரையும் தூண்டும். ஜிஎல்பி-1 இரைப்பை காலியாகுறதை மெதுவாக்குது, டியோடினத்துக்குச் சரக்கு மெதுவா வந்தா சிசிகே, செக்ரட்டின் சிக்னலும் மெதுவாகும். அப்ப சுரப்பு குறையணும்தான? ஆனா ஊசி போடுறவங்களுக்கு ரத்தத்துல லைபேஸ், அமைலேஸ் லேசா ஏறுறது சோதனைகள்ல திரும்பத் திரும்பத் தெரிஞ்சிருக்கு. இதுல முரண்பாடு இல்ல, ரத்தத்துல இருக்குற லைபேஸ் அளவு குடலுக்குள்ள எவ்வளவு சுரந்துச்சுங்கிறதைக் காட்டுறது இல்ல, அசினார் செல்லுல இருந்து பின்பக்கமா ரத்தத்துக்கு எவ்வளவு கசியுதுங்கிறதைத்தான் காட்டுது. இதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைடு வெச்சு நடந்த, லீடர்னு பேர் வெச்ச பெரிய சோதனை 2016ல வெளிவந்துச்சு, அதுல என்சைம் ஏறுச்சு, ஆனா கணைய அழற்சி கேஸ் பிளசிபோவை, அதாவது மருந்தில்லாத போலி ஊசியை விட ஏறல.

அதுக்காக எச்சரிக்கை பொய்னு ஆகாது, மருந்து லேபிள்லயே கணைய அழற்சி இருக்கு, பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூன்ல ஊசி போட்டு கணைய அழற்சி வந்தவங்களோட மரபணு விவரம் சேகரிக்கவும் ஆரம்பிச்சுது. கூடவே பித்தப்பைக் கல்லையும் மறக்கக் கூடாது. வேகமா எடை குறைஞ்சாலே கல் வரும், ஜிஎல்பி-1 பித்தப்பை சுருங்குறதையும் மந்தமாக்கும், அந்தக் கல் நழுவி பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ற பொது வாசல்ல அடைச்சா கணைய அழற்சிதான், கணைய அழற்சிக்கு உலகம் பூரா முதல் வரிசைக் காரணங்கள்ல ஒண்ணு கல்தான்.

அதனால ஊசி போடுறவங்க லேப் ரிப்போர்ட்ல லைபேஸ் பக்கத்துல சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் கூகுள் பண்ணி பீதியாகுறதுக்கு முன்னாடி, கணைய அழற்சின்னு முடிவு பண்ண டாக்டர்கள் வெச்சிருக்குற கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க, கீழ இருக்குற மூணுல ரெண்டு இருக்கணும்:

1. மேல் வயித்துல கடுமையான, விடாத வலி, பல பேருக்கு முதுகு வரைக்கும் போகும்.
2. லைபேஸ் அல்லது அமைலேஸ் நார்மல் உச்ச அளவை விட மூணு மடங்காவது.
3. ஸ்கேன்ல அழற்சிக்கான மாற்றம்.

வலியே இல்லாம லைபேஸ் ஒன்றரை மடங்குன்னா இந்தக் கணக்குல அது சேராது, மருந்து எழுதுன டாக்டர்கிட்ட அடுத்த விசிட்ல காட்டுனா போதும். விடாத வலியும் வாந்தியும் இருந்தா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அடுத்த டோஸ் போடாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.